பூங்கா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

நகரமைப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, நகரத் திட்டமிடல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் பத்தியாளர் பதில் அளிக்கிறார். இந்த இதழில் பூங்காக்களும் திறந்தவெளிகளும்.

கேள்வி: நான் கட்டடக்கலை படிக்கிறேன், அம்மா. பாடத்தில் சிறு பூங்கா, உள்ளூர்ப் பூங்கா, வட்டாரப் பூங்கா, பெருநகரப் பூங்கா என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். மரமும் புல்லும் இருந்தால் பூங்கா. இதில் எதற்கு இத்தனை வகை?

பதில்: தம்பி, மரத்தையும் புல்லையும் பார்த்து வகை பிரிப்பதில்லை. அங்கே யார் வருவார்கள், எப்படி வருவார்கள், வந்தால் எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதைப் பார்த்துத்தான் பிரிக்கிறோம். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வரும் தாயால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க முடியாது. பந்து விளையாடும் பையன்கள் இருபது நிமிடம் சைக்கிள் மிதித்து வந்துவிடுவார்கள். விடுமுறை நாளில் ஒரு குடும்பம் பஸ் ஏறி ஒரு மணி நேரம் பயணம் செய்து வரும். வந்தால் பொழுது சாயும்வரை இருக்கும். இந்த மூன்று பேருக்கும் ஒரே பூங்கா போதாது.

லண்டன் பெருநகரத் திட்டம் இதை எண்களாகவே எழுதி வைத்திருக்கிறது. 0.4 ஹெக்டேருக்குக் குறைவானது பாக்கெட் பூங்கா. 2 ஹெக்டேர் இருந்தால் உள்ளூர்ப் பூங்கா. அது வீட்டிலிருந்து 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 ஹெக்டேர் வட்டாரப் பூங்கா என்றால் 1.2 கிலோமீட்டர். 60 ஹெக்டேர் பெருநகரப் பூங்கா 3.2 கிலோமீட்டர். 400 ஹெக்டேர் மண்டலப் பூங்காவுக்கு 8 கிலோமீட்டர் வரை போகலாம். ஆற்றங்கரை, கால்வாய்க் கரை போன்ற நீள்வடிவ வெளிகளுக்குத் தூரக் கணக்கு கிடையாது. போகிற வழியெல்லாம் அவை பூங்காதான்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது மாணவர்கள் ஒன்றைத் தவறவிடுவார்கள். பெரிய பூங்கா, தன்னை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குச் சிறு பூங்காவின் வேலையையும் செய்யும். 60 ஹெக்டேர் பூங்காவின் வாசலில் வீடு இருப்பவருக்குத் தனியாக ஓர் உள்ளூர்ப் பூங்கா தேவையில்லை. ஆனால் சிறியது ஒருபோதும் பெரியதின் வேலையைச் செய்யாது. ஆகவே வரைபடத்தில் பெரிய பூங்காவைச் சுற்றி 400 மீட்டர், 1.2 கிலோமீட்டர், 3.2 கிலோமீட்டர் என்று எல்லா எல்லைகளையும் போட வேண்டும். எந்த எல்லைக்குள்ளும் வராமல் வெளுப்பாக மிஞ்சும் தெருக்கள்தான் நீங்கள் வேலை செய்ய வேண்டிய இடம்.

வகையிலிருந்துதான் வசதிகளும் பிறக்கின்றன. பஸ்ஸில் வந்து நாள் முழுக்க இருப்பவருக்குக் கழிப்பறையும் குடிநீரும் நிழலும் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் திரும்பிவிடுவார். மறுபுறம், தெருக்கோடியில் இருக்கும் 2 ஹெக்டேர் இடத்தில் வாகன நிறுத்துமிடமும் இசை நீரூற்றும் வைத்துவிட்டால் ஊரே காரில் வந்து இறங்கும். நடந்து வந்துகொண்டிருந்த முதியவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும் என்பதற்காக ஓர் உள்ளூர்ப் பூங்காவைச் சுற்றுலாத் தலமாக்குவதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன், இன்றும் எதிர்க்கிறேன்.

அமெரிக்காவில் தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கம் 1983இல் 1,000 பேருக்கு 6.25 முதல் 10.5 ஏக்கர் என்று அளவு சொன்னது. 1996இல் வந்த திருத்தப் பதிப்பு, ஒரே எண்ணை எல்லா ஊருக்கும் பொருத்துவதைக் கைவிட்டது. ஒவ்வொரு ஊரும் தன் மக்களின் தேவையைக் கேட்டுத் தன் அளவைத் தானே வகுத்துக்கொள்ளட்டும் என்றது. தேர்வுக்காக எண்களைப் படியுங்கள். வேலைக்குப் போன பிறகு அந்த எண் எந்த ஊருக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள்.

கேள்வி: தலைக்கு இத்தனை சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று எங்கள் நகர நிர்வாகம் ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு பெஞ்சு போடக்கூட இடம் இல்லை. கணக்கில் பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மொத்தப் பரப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்தாலே இப்படி வந்துவிடும். 10 லட்சம் பேர் வாழும் நகரில் 1,000 ஹெக்டேர் திறந்தவெளி இருந்தால் தலைக்கு 10 சதுர மீட்டர். அதில் 900 ஹெக்டேர் நகர எல்லையில் ஒரே காடாக இருந்தால்? ஊருக்குள் மிஞ்சுவது தலைக்கு 1 சதுர மீட்டர். இரண்டு கணக்குமே சரிதான். அறிக்கையில் முதல் கணக்கு மட்டும் அச்சாகும்.

அதனால் "எவ்வளவு இருக்கிறது" என்பதை விட்டுவிட்டு "எவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்று கேட்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம், வீட்டிலிருந்து நேர்தூரத்தில் சுமார் 300 மீட்டருக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளியாவது இருக்க வேண்டும் என்கிறது. நகர்ப்புற வனவியல் அறிஞர் செசில் கோனைனென்டைக் முன்வைத்த 3-30-300 என்ற அளவுகோல் இன்னும் எளிது: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது கண்ணில் பட வேண்டும், குடியிருப்பின் பரப்பில் 30 சதவீதத்துக்கு மரநிழல் வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். இதைச் சோதிக்கப் பொறியாளர் தேவையில்லை. சன்னல் வழியே பார்த்தாலே முதல் பாகம் தெரிந்துவிடும்.

நேர்தூரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காகம் 300 மீட்டர் பறக்கும். மனிதர் ரயில் பாதையைச் சுற்றிக்கொண்டு, நான்கு வழிச் சாலையைக் கடந்து, பூட்டிய பின்கேட்டைப் பார்த்துவிட்டு முன்வாசலுக்கு நடந்து போக வேண்டும். பணியில் இருந்தபோது வட்டம் போட்ட வரைபடத்தோடு வரும் இளம் அலுவலர்களிடம் நான் முதலில் கேட்பது, "கேட் எங்கே?" என்பதைத்தான். பூங்காவின் நடுப்புள்ளியிலிருந்து அளக்கக் கூடாது. எல்லைச் சுவரிலிருந்தும் அளக்கக் கூடாது. கேட்டிலிருந்து, கால் போகும் வழியில் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் வட்டம் நைந்துபோய்க் கோணல்மாணலான ஒரு வடிவம் வரும். அந்த வடிவத்துக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தப் பூங்கா இருக்கிறது.

நீங்களே இதைச் செய்யலாம். உங்கள் பகுதியின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, திறந்திருக்கும் கேட்டுகளை மட்டும் குறியுங்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒருவர், கைத்தடி ஊன்றும் ஒருவர், பள்ளி மாணவர் ஒருவர் என்று மூன்று பேர் அவரவர் வேகத்தில் நடக்கட்டும். எங்கே நின்றார்கள், எந்தச் சாலையைக் கடக்கத் தயங்கினார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதுப் பூங்காவுக்கு நிலம் தேடுவதற்கு முன் இருக்கும் பூங்காவின் பின்சுவரில் இன்னொரு கேட் வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் என் பழக்கம். பிரதான சாலைப் பக்கம் மட்டுமே வாசல் வைத்திருந்த ஒரு பூங்காவில் பின்தெருவைப் பார்த்து ஒரு சிறு கேட் திறந்தோம். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அதுவரை சுவர் மட்டுமே தெரிந்திருந்தது. நிலம் வாங்காமலே பூங்கா அவர்களுக்கு அருகில் வந்துவிட்டது.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. வீட்டருகே நல்ல விளையாட்டுத் திடல் கட்டியிருக்கிறார்கள். போகச் சொன்னால், "பையன்கள்தான் இருக்காங்க" என்று மறுக்கிறாள். கட்டாயப்படுத்தி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. உங்கள் மகள் சரியாகத்தான் சொல்கிறாள். மாற வேண்டியது திடல்.

வியன்னாவில் 1990களில் இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 9 வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பையன்களின் வருகை அப்படிக் குறையவில்லை. பரந்த வெளி ஒன்றே ஒன்றுதான் இருக்கும்போது அதற்குப் போட்டி வந்துவிடுகிறது. போட்டி வந்தால் பெண் பிள்ளைகள் விலகிப்போகிறார்கள். யாரும் அவர்களைத் துரத்த வேண்டியதில்லை. மார்கரெட்டன் என்ற பகுதியில் இரண்டு பூங்காக்களைத் தேர்ந்தெடுத்து மாற்றினார்கள். பெரிய திறந்த பரப்பைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்து, பூப்பந்து விளையாட இடம் ஒதுக்கினார்கள். நடைபாதைகளைச் சீர்படுத்தினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

நீங்கள் அங்குள்ள நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். பந்து விளையாடும் கம்பிவேலி அடைப்புக்கு ஒரே வாசல் இருந்தால், அந்த வாசலில் நாலு பேர் நின்றாலே மற்றவர்கள் உள்ளே போகமாட்டார்கள். அகலமான இரண்டு மூன்று வாசல் கேளுங்கள். வரிசையாகச் சுவரைப் பார்த்துப் போட்ட பெஞ்சுகளுக்குப் பதிலாக எதிரெதிரே உட்கார்ந்து பேசும்படி இருக்கைகள் கேளுங்கள். பெரிய பிள்ளைகளும் ஏறக்கூடிய ஊஞ்சல் கேளுங்கள். பெரும்பாலான ஊஞ்சல்கள் எட்டு வயதோடு முடிந்துவிடுகின்றன. வெளிச்சம் விளையாட்டுத் தளத்துக்கு மட்டும் போதாது, அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் பாதையிலும் வேண்டும். கழிப்பறை கட்டாயம் வேண்டும்.

இதற்கும் வகைப்பாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. திட்டத்தில் "குழந்தைகள் விளையாடுமிடம்" என்று ஒரே வரி இருந்தால் சறுக்குமரத்தோடு வேலை முடிந்துவிடும். பிரிட்டனில் விளையாடுமிடங்களையே மூன்று படியாகப் பிரித்திருக்கிறார்கள்: மிகச் சிறு பிள்ளைகளுக்கு 100 மீட்டர் நடைக்குள் 100 சதுர மீட்டர், தனியே வெளியே போகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு 400 மீட்டருக்குள் 400 சதுர மீட்டர், வளர்ந்த பிள்ளைகளுக்கு 1,000 மீட்டருக்குள் 1,000 சதுர மீட்டர். இந்த மூன்றாம் படிதான் உங்கள் மகளுக்கானது. பல நகரங்களின் பட்டியலில் விட்டுப்போவதும் அதுதான். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் மகளையும் அவள் தோழிகளையும் அழைத்துப்போங்கள். என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

கேள்வி: கல்லறைத் தோட்டம், கால்வாய்க் கரை, சாலை நடுவே இருக்கும் புல்வெளி, இவையெல்லாம் திறந்தவெளிக் கணக்கில் வருமா?

பதில்: கல்லறைத் தோட்டம் வரும். இங்கிலாந்தில் 2002இல் வந்த திட்டமிடல் வழிகாட்டி, பூங்கா, இயற்கைவெளி, பசுமை வழித்தடம், விளையாட்டுத் திடல், குடியிருப்பிடையே உள்ள புல்வெளி, பிள்ளைகளுக்கான இடம், காய்கறித் தோட்டப் பாத்திகள், கல்லறைத் தோட்டம், நகரச் சதுக்கம் என்று பிரித்துச் சொன்னது. கால்வாய்க் கரையில் நடக்கப் பாதை இருந்தால் அது பசுமை வழித்தடம். சாலை நடுப் புல்வெளியை நான் சேர்க்கமாட்டேன். மனிதர் கால் வைக்க முடியாத இடம் கண்ணுக்குக் குளிர்ச்சி தரலாம், மழைநீரை உறிஞ்சலாம். அந்தப் பயன்களுக்காகத் தனியாக எண்ணிக்கொள்ளட்டும். பொழுதுபோக்குத் திறந்தவெளியோடு கூட்டக் கூடாது.

கேள்வி: நான் நகர மன்ற உறுப்பினர். எங்கள் வார்டில் பூங்காவுக்காக ஒரு ஹெக்டேர் வாங்கும் அளவுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே இடமாக வாங்கலாமா, நான்கு சிறு இடங்களாகப் பிரித்து வாங்கலாமா? மக்கள் நான்கு கேட்கிறார்கள்.

பதில்: மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சிறு இடத்தைக் குறைத்து எண்ண வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் 1978 வரை கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 700க்கும் மேற்பட்ட விளையாடுமிடங்களை அமைத்தார். அவற்றில் பல, போருக்குப் பின் வெறுமனே கிடந்த காலி மனைகள். ஒரு மணல் தொட்டி, ஏறித் தொங்க வளைந்த கம்பிகள், தாவிக் குதிக்கக் குட்டைக் கற்கள், ஓரத்தில் பெஞ்சு, அவ்வளவுதான். நியூயார்க்கில் 1967இல் திறந்த பேலி பூங்கா ஏறக்குறைய 390 சதுர மீட்டர். மூன்று பக்கமும் சுவர். பின்சுவரில் விழும் அருவியின் ஓசையில் சாலை இரைச்சல் மறைந்துவிடும். இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிகள், நிழலுக்கு மரங்கள். சிறு பூங்கா என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் உங்கள் நிலைமையில் நான் முதலில் பார்ப்பது, நடந்து போகும் தூரத்தில் ஏற்கெனவே பெரிய பூங்கா ஒன்று இருக்கிறதா என்பதை. இருந்தால் நான்காக வாங்குங்கள். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் பயன் பெறுவார்கள். இல்லையென்றால் ஒரு ஹெக்டேரையும் ஒரே இடமாக வாங்குங்கள், ஐயா. பெருமரங்கள் வேர்விட இடம் வேண்டும். பந்து விளையாடுவதும் அமைதியாக உட்கார்வதும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்க இடம் வேண்டும். நான்கு இடங்களுக்கு நான்கு காவல், நான்கு குழாய் இணைப்பு, நான்கு வேலி என்று பராமரிப்புச் செலவும் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு மனை எந்தக் காலத்திலும் கிடைக்கும். பெரிய நிலம் ஒருமுறை துண்டானால் திரும்பச் சேராது.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவுக்கு நிலம் எடுக்கச் சட்டம் வந்தது 1853இல். அப்போது நகரத்தின் பெரும்பகுதி அதற்கு வெகு தெற்கே இருந்தது. இன்று 341 ஹெக்டேரைச் சுற்றி நாலாபுறமும் கட்டடம். காத்திருந்தால் கிடைத்திருக்காது. ஆனால் அந்த நிலமும் ஆளில்லாத நிலமாக இருக்கவில்லை. செனெக்கா கிராமம் என்ற குடியிருப்பு அதற்குள் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஊர்; பலர் சொந்த வீடும் நிலமும் வைத்திருந்தவர்கள். 1857க்குள் சுமார் 225 பேரை அங்கிருந்து வெளியேற்றினார்கள். நீங்கள் வாங்கும் ஒரு ஹெக்டேரிலும் யாராவது குடியிருக்கிறார்களா, மாடு மேய்க்கிறார்களா, பட்டறை வைத்திருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். வரைபடத்தில் "காலி நிலம்" என்று இருப்பதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்டிருப்பது முக்கோணமான ஒரு மூலை. மழை பெய்தால் குளம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: மனைகளைப் பிரித்து முடித்த பின் விற்க முடியாமல் மிஞ்சியதைப் பூங்கா என்று எழுதிக்கொடுப்பது பல ஊர்களிலும் நடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு. பரப்பளவு மட்டும் சரியாக இருந்தால் ஒப்புதல் கிடைத்துவிடும் என்பதே காரணம். விதியில் பரப்போடு குறைந்தபட்ச அகலமும், சாலையைப் பார்த்த முகப்பும், நடந்து வரும் பாதையும் எழுத வேண்டும். முதலில் பூங்காவுக்கு இடம் குறித்து, அதைச் சுற்றி மனை பிரிக்க வேண்டும்.

உங்கள் மூலை தாழ்வானது என்பதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். மழைநீர் வந்து நிற்கும் இடத்தை அதற்கேற்ற பூங்காவாக அமைக்கலாம். ரோட்டர்டாமில் 2013இல் திறந்த பெந்தம்பிளைன் சதுக்கத்தில் பள்ளமான விளையாட்டுத் தளங்கள் இருக்கின்றன. வெயில் நாளில் பந்தாட்டம் நடக்கும். கனமழையில் அவை ஏறக்குறைய 17 லட்சம் லிட்டர் தண்ணீரைத் தாங்கிப் பிடிக்கும். சிங்கப்பூரின் பீஷான்–ஆங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் வடிகாலை உடைத்து, வளைந்தோடும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். நீர் குறைவான நாளில் கரைப் புல்வெளியில் மக்கள் நடக்கிறார்கள். மழையில் ஆறு அந்தப் புல்வெளிக்குள் விரிந்துகொள்கிறது.

உங்கள் இடத்தில் தாழ்ந்த நடுப்பகுதியைக் குழியாகவே விட்டு, நீரில் நின்றாலும் அழுகாத செடிகள் வைத்து, மேடான ஓரத்தில் நடைபாதையும் இருக்கைகளும் போடலாம். சறுக்குமரமும் மின்பெட்டியும் மேட்டில்தான் இருக்க வேண்டும். அங்கே சாக்கடை கலக்கிறதா என்று முதலில் பாருங்கள். கலந்தால் அதை அடைக்கும்வரை வேறு எதையும் தொடங்காதீர்கள். பிள்ளைகள் கால் வைக்கப்போகும் இடம்.

கேள்வி: எங்கள் பூங்காவின் பாதியில் அலுவலகக் கட்டடம் வரப்போகிறது என்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை இருக்கும் பூங்கா. தடுக்க முடியுமா?

பதில்: பெயர்ப்பலகை காப்பாற்றாது. எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, நகரத்தின் முழுமைத் திட்டத்தில் எந்த நில உபயோகத்தில் காட்டப்பட்டிருக்கிறது, பொதுப் பயனுக்கென எழுதிக்கொடுத்த ஆவணம் ஏதும் உண்டா, இந்த மூன்றும் தெரிய வேண்டும். "பூங்கா மற்றும் திறந்தவெளி" என்று இருந்தால், அதை மாற்ற நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டியிருக்கும். "பொது உபயோகம்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் அலுவலகமும் பொது உபயோகம்தான் என்று வாதிடுவார்கள். அந்தப் பதிவைத் திருத்தக் கோருவதே முதல் வேலை.

இப்படிப்பட்ட போராட்டம் நீளும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் ஹீத் திடலை ஒட்டிய தன் நிலத்தில் கட்டடம் கட்ட வழி தேடி, 1829 முதல் அதன் உரிமையாளர் மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். மக்கள் ஒவ்வொரு முறையும் எதிர்த்தார்கள். அவர் 1869இல் இறந்தார். 1871இல்தான் அந்தத் திடலைக் கட்டடமின்றிக் காக்கும் சட்டம் வந்தது. பிறகு பக்கத்து நிலங்களும் சேர்ந்து இன்று சுமார் 320 ஹெக்டேராக நிற்கிறது.

உங்களிடம் பழைய புகைப்படங்கள், விழா அழைப்பிதழ்கள், மரம் நட்ட கல்வெட்டு, பராமரிப்புச் செலவு ரசீதுகள் இருந்தால் திரட்டுங்கள். காலை, நண்பகல், மாலை என்று வேலைநாளிலும் விடுமுறையிலும் உட்கார்ந்து, வருபவர்களின் எண்ணிக்கையை வயதுவாரியாக எழுதுங்கள். எந்தப் பகுதியை எடுத்தால் எந்தக் கேட் மூடப்படும், எந்தத் தெருவுக்கு வேறு பூங்காவே இல்லாமல் போகும் என்று வரைபடத்தில் காட்டுங்கள். கட்டடத்துக்கு மாற்று இடம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். ஆட்சேபத்தை எல்லோரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பதைவிடத் தனித்தனிக் கடிதமாக, காலக்கெடுவுக்குள் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.